வெள்ளத்தில் பொறுத்திருக்கும் நெல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை ஓயாது பெய்யுங்கால், காவிரிப் பாசனப் பகுதியின் தாழ்ந்த வயல்களில் இளம் சம்பாப் பயிர் முழுதும் நீரில் மூழ்கிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு வாரம் கழித்து நீர் வடிந்தால், பல வயல்களில் பயிர் சாய்ந்து அழுகிக் கிடக்கும். சில வயல்களிலோ, வாடியது போல் நின்ற பயிர் மீண்டும் தளிர்விடும். இந்த வேற்றுமைக்குக் காரணம் விதையினுள்ளேயே அமைந்திருக்கிறது. அதனைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

பயிரினுள் மிகச் சிறிய அளவில் உண்டாகி, அதன் வளர்ச்சியை நடத்தும் பொருள்களுக்கு ஹார்மோன்கள் என்று பெயர். அவற்றுள் எத்திலீன் என்பது ஒரு வாயு. வாழைத்தாரை அறையில் அடைத்துப் புகை போட்டுப் பழுக்கவைக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அப்புகையிலுள்ள எத்திலீனே காயைக் கனியச் செய்கிறது. நெற்பயிரும் இவ்வாயுவைச் சிறிது சிறிதாக வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். வாயுக்கள் காற்றில் பரவுவதைக் காட்டிலும் நீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். ஆகவே பயிர் மூழ்கியவுடன் எத்திலீன் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. தான் நீருக்குள் அகப்பட்டதைப் பயிர் இவ்வாறே உணர்கிறது.

உணர்ந்தபின் செய்ய வேண்டியதைத் தீர்மானிப்பவை மரபணுக்கள். எத்திலீனுக்கு மறுமொழி தருபவை என்று பெயர் பெற்ற மரபணுக் குடும்பத்தில், நெல்லில் மட்டும் 139 உறுப்பினர்கள் இருப்பதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டுள்ளனர். ஒரு வீட்டில் பிறந்த பிள்ளைகள் முகச்சாயலில் ஒத்திருந்தும் குணத்தில் வேறுபடுவது போல, இக்குடும்பத்தினரும் வேறு வேறு பணிகளைச் செய்கின்றனர்.

சாதாரண நெல் மூழ்கும்போது, எத்திலீனின் தூண்டுதலால் ஜிப்பெரெல்லின் என்னும் மற்றொரு ஹார்மோனின் வேலை மிகுகிறது. பயிர் நீர்மட்டத்தை எட்டிப்பிடிக்க விரைந்து நீள்கிறது. சேமித்த மாவுச்சத்து எல்லாம் இதில் செலவாகிவிடுகிறது. நீர் வடியும்போது பயிர் மெலிந்து நெடிதாகி, நிற்க வலுவின்றிச் சாய்கிறது.

ஒடிசாவின் பழைய நெல்லினத்திலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட எப்.ஆர்.13ஏ என்னும் வகை இதற்கு மாறானது. அதிலுள்ள சப்1ஏ என்னும் மரபணுவை விஞ்ஞானிகள் 2006ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டனர். இது ஜிப்பெரெல்லினின் வேலையை அடக்கி, பயிரை நீளவிடாமல் நிறுத்துகிறது. மாவுச்சத்து மிஞ்சுகிறது. நீர் வடிந்ததும் அச்சேமிப்பைக் கொண்டு பயிர் மறுபடியும் துளிர்க்கிறது.

இக்குடும்பத்தைச் சேர்ந்த வேறு இரு மரபணுக்களை ஜப்பானிய விஞ்ஞானிகள் ஆழ்நீர் நெல்லில் 2009இல் கண்டனர். அவை நேர்மாறாக, பயிரை ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேலும் நீளச் செய்யவல்லவை. மாதக்கணக்கில் ஆழ்ந்த நீர் நிற்கும் வங்கதேசத்து நிலங்களுக்கு அக்குணமே ஏற்றது. ஹார்மோன் ஒன்றே, குடும்பமும் ஒன்றே. ஆயினும் ஒன்று பொறுத்திருக்கச் சொல்கிறது, மற்றொன்று ஓடி உயரச் சொல்கிறது. ஆதலின் வயலில் நீர் நிற்கும் தன்மை அறிந்தே விதையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

சப்1 குணத்தைக் கொண்ட சுவர்ணா சப்1 என்னும் நெல் 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. நம் மாநிலத்தில் சம்பாப் பருவத்துக்கு நன்கு அறிமுகமான சி.ஆர்.1009 நெல்லிலும் இக்குணம் சேர்க்கப்பட்டு, சி.ஆர்.1009 சப்1 என்ற பெயரில் பயிராகிறது. நெல்லோடு நெல்லை ஒட்டுச் சேர்த்தே இது உண்டாக்கப்பட்டது. வேற்று உயிரின் மரபணு எதுவும் இதில் புகுத்தப்படவில்லை. கலப்பில்லாமல் எடுத்துவைத்த விதையை மறுபருவத்துக்கும் பயன்படுத்தலாம்.

நம் ஒன்றியத்தில் நடந்த கூட்டமொன்றில் முதிய விவசாயி ஒருவர், "ஐயா, என் வயலில் தை பிறக்கும்வரை முழங்கால் தண்ணீர் நிற்கிறது. இந்த நெல் தாங்குமா?" என்று கேட்டார். தாங்கும் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தூர்கட்டும் பருவத்தில் முழுதும் மூழ்கினால் சுமார் இரண்டு வாரம் வரை உயிர் பிழைப்பதே இதன் திறம். நெடுநாள் தேங்கும் நீருக்கும், முளைக்கும் பருவத்து மூழ்கலுக்கும், பூக்கும் பருவத்து வெள்ளத்துக்கும் இது மருந்தாகாது. கலங்கல் நீரிலும் வெதுவெதுப்பான நீரிலும் பிழைக்கும் திறன் குறையும். அப்பெரியவருக்கு வேண்டியது விதைக்கு முன்னதாக வடிகால்.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள், புரட்டாசிக்குள் வடிகால் வாய்க்கால்களைத் தூர்வாரச் செய்தல் வேண்டும். எவ்வயல்கள் சில நாள் மூழ்கி வடிபவை, எவ்வயல்களில் நீர் தேங்கியே நிற்கிறது என்று ஊர்ப் பெரியோருடன் நடந்து பார்த்துக் குறித்துக்கொண்டு, முன்னவற்றுக்கு மட்டும் இவ்விதை கிடைக்குமா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் காலத்தே கேட்டறிதல் வேண்டும். விவசாயிகள் நீர் வடிந்த அன்றே பயிர் போயிற்றென்று உழுதுவிடலாகாது. சில நாள் பொறுத்து, புதுத் தளிர் கண்டபின் மேலுரம் இடுக. பொறுத்திருக்கப் பயிர் கற்றிருக்கிறது. நாமும் சிறிது பொறுத்தால் அதன் பலன் நம் களத்தை வந்துசேரும்.