இரண்டு கையொப்பம் கேட்கும் கலம்

யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு இரண்டு மாதம் முடிந்ததும் கிளினிக்கில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி போடுவார்கள். தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஈரலழற்சி பி, ஹிப் கிருமித் தொற்று ஆகியவையே அந்த ஐந்து. அன்றிரவு சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் காயும். ஊசி போட்ட தொடை வீங்கும். இதற்கான விளக்கம் ரி-கலங்களிடம் இருக்கிறது.

நெஞ்சறையிலுள்ள தைமஸ் சுரப்பியில் முதிரும் வெண்குருதிக் கலங்களே ரி-கலங்கள். ஒவ்வொன்றும் தனக்கென அமைந்த புரதத் துண்டை மட்டுமே இனங்காணும். கிருமியை விழுங்கிய கிளைக்கலம் நிணநீர்க் கணுவுக்குப் போய், அந்தத் துண்டை ஏந்திக் காட்டும். இது முதற் சைகை. இது மட்டும் கிடைத்தால் ரி-கலம் போருக்கு எழாது. பெரும்பாலும் செயலிழந்து கிடக்கும். கிளைக்கலத்திலுள்ள பி7 என்ற புரதம் ரி-கலத்தின் சிடி28 புரதத்தைப் பற்றவேண்டும். இது இரண்டாம் சைகை. சனசமூக நிலையத்தின் காசோலையில் தலைவரோடு பொருளாளரும் ஒப்பமிட்டால்தானே வங்கி காசு தரும்!

இந்தக் கெடுபிடி இல்லாவிட்டால், நம் சொந்தப் புரதங்களையும் உண்ணும் உணவையும்கூட ரி-கலங்கள் தாக்கத் தொடங்கிவிடும். 2006இல் இலண்டனில் சிடி28ஐ நேரடியாகத் தூண்டும் புதிய மருந்தொன்றை ஆறு தொண்டர்களுக்கு ஏற்றினார்கள். முதற் சைகை இல்லாமலே ரி-கலங்கள் பொங்கி எழ, ஆறு பேரும் அதிதீவிர சிகிச்சைக்குப் போய்த்தான் உயிர் தப்பினார்கள். எழுந்த கலத்தை அடக்கவும் ஒரு புரதம் உண்டு. சிரிஎல்ஏ-4 என்ற அது, சிடி28ஐ முந்திக்கொண்டு பி7ஐப் பற்றிவிடும். அந்தத் தடையை விலக்கினால் ரி-கலங்கள் புற்றுநோயைத் தாக்கும் என்று காட்டிய ஜேம்ஸ் அலிசன் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கிளைக்கலம் பி7ஐ மிகுதியாக ஏந்துவது ஆபத்தின் அடையாளம் கண்டால்தான். தூய்மைப்படுத்திய புரதத்தில் அந்த அடையாளம் குறைவு. அதனால்தான் கூட்டுத் தடுப்பூசியில் அலுமினிய உப்பைச் சேர்க்கிறார்கள். 1926இல் அலெக்சாண்டர் கிளெனி கண்ட வழி அது. கொன்ற குக்கல் கிருமியும் அதில் முழுதாக இருக்கிறது. இவை கிளப்பும் அழற்சியே வீக்கமும் காய்ச்சலும். காய்ச்சல் வராத பிள்ளைக்கும் ஊசி வேலை செய்யும்.

ஒரு தடவை எழுந்த ரி-கலங்களில் சில நினைவுக் கலங்களாகத் தங்கும்; அடுத்தடுத்த ஊசிகள் அவற்றைப் பெருக்கும். ஆகவே முதல் ஊசிக்குக் காய்ச்சல் வந்ததென்று பயந்து நான்காம், ஆறாம் மாத ஊசிகளைத் தவறவிடாதீர்கள். காய்ச்சல் கடுமையானால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கேளுங்கள்.