நந்திக்கடலின் வாய்

முல்லைத்தீவு நகரிலிருந்து பரந்தன் வீதியில் புறப்பட்டால் சற்று நேரத்தில் வட்டுவாகல் பாலம் வந்துவிடும். வலப்புறம் வங்கக் கடல், இடப்புறம் நந்திக்கடல். கோடையில் இரண்டையும் பிரித்து நிற்பது ஒரு மணல் திட்டு மட்டுமே. மாரியில் அந்தத் திட்டு உடையும். உப்பு நீரும் மழை நீரும் கலக்கும். பிறகு மணல் மறுபடி வந்து வாயை அடைக்கும். இப்படித் திறந்தும் மூடியும் வாழ்கிற நீர்நிலைதான் களப்பு.

2009 மே மாதத்தில், போரின் இறுதி நாட்களில், இந்தக் கரைகளில் நடந்தவற்றுக்குப் பிறகு, நந்திக்கடல் என்றதும் எங்கள் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது வேறு. அதை ஓரம் வைத்துவிட்டு இந்த நீரைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் இன்றும் இதை நம்பி வலை வீசும் குடும்பங்கள் இருக்கின்றன. இந்த நீர் எப்படி இயங்குகிறது என்பதும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் அப்போது ஒரே நிலம். பனி உருக உருகக் கடல் ஏறி, ஆறுகளின் தாழ்ந்த முகத்துவாரங்களை மூழ்கடித்துக் குடாக்களாக்கியது. ஏற்றம் தணிந்த பிறகு, கரையோரமாக அலைகள் இழுத்து வந்த மணல் அந்தக் குடாக்களின் வாயில் நீண்ட திட்டுகளாகப் படிந்தது. உள்ளே அகப்பட்ட ஆழமற்ற நீர் களப்பானது. நந்திக்கடல் மட்டுமல்ல, தெற்கே நாயாறும் கொக்கிளாயும், வடக்கே கனகராயன் ஆறு போய்ச் சேரும் சுண்டிக்குளமும் இதே வகைதான்.

வாய் ஏன் மூடுகிறது? உலகின் பல கரைகளில் கடல் நாளுக்கு இருமுறை பல மீற்றர் ஏறி இறங்கும். அந்த ஓட்டமே ஆற்றுவாய் மணலை அள்ளிக்கொண்டு போய்விடும். எங்கள் கரையில் வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. மணலை அசைக்க அது போதாது. அலையோ ஓயாமல் மணலைக் கொண்டுவந்து போடுகிறது. மாரியில் ஆற்று வெள்ளம் இருக்கும்வரை அது அலையை எதிர்த்து வாயைத் திறந்து வைத்திருக்கும். மழை ஓய்ந்து ஓட்டம் மெலிந்ததும் அலை வெல்லும். சில வாரங்களில் திட்டு மறுபடி எழும்பிவிடும்.

பிறகு வெயிலின் காலம். சோளகம் வீசும் மாதங்களில் வன்னியின் வெயிலும் காற்றும் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவு நீரைக் குடிக்கின்றன. மாதத்துக்குப் பதினைந்து சென்ரிமீற்றர். பல இடங்களில் இடுப்பளவே ஆழமுள்ள களப்புக்கு இது பெரிய இழப்பு. நீர் போகும், உப்பு போகாது. ஆவணி வரும்போது களப்பு நீர் கடலைவிடக் கரிக்கலாம். வற்றிய கரையில் சேற்றை ஒரு கை தோண்டிப் பாருங்கள். மேலே மெல்லிய கபில நிறப் படை. அதன் கீழே மை போன்ற கறுப்பு, அழுகிய முட்டை மணத்துடன். ஒட்சிசன் எட்டாத அந்த ஆழத்தில் சில பக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேற்றைக் கொண்டு சுவாசிக்கின்றன. அவை விடும் ஐதரசன் சல்பைட்டின் மணம் அது. சேற்றிலுள்ள இரும்புடன் அது சேரும்போது கறுப்பு வருகிறது. சேறு கெட்டுப்போனது என்று எண்ண வேண்டாம். இலையும் பாசியும் உக்கி மறுபடி உணவாகும் இடம் அதுதான்.

ஒக்டோபரில் மழை தொடங்கும். முத்தையன்கட்டுக் குளத்தைத் தாண்டி வரும் பேராற்று நீரும் சுற்றுப்புற ஓடைகளும் களப்பை நிரப்பும். நீர் கடல் மட்டத்தைவிட உயர்ந்து திட்டை அழுத்தும். தானாக உடைவதும் உண்டு; பெரும்பாலும் மனிதர்தான் வெட்டுவார்கள். முன்பு மண்வெட்டி, இப்போது பெக்கோ. கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்து ஒடுக்கமான ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும். நீர் ஓடத் தொடங்கியதும் அடி மணலை அரிக்கும். ஆழம் கூட ஓட்டம் கூடும். ஓட்டம் கூட மேலும் அரிக்கும். ஒரே எட்டில் தாண்டக்கூடிய வாய்க்கால் சில மணி நேரத்தில் ஆள் இறங்க முடியாத ஆறாகிவிடும்.

இந்த வாய்வழிதான் இறால் வரும். தாய் இறால் கரைக்கு அப்பாலுள்ள கடலில் இலட்சக்கணக்கில் முட்டையிடும். சில வாரங்களில் ஒரு சென்ரிமீற்றர் அளவாகும் குஞ்சுகள் பெருக்கு நீருடன் களப்புக்குள் நுழையும். கடல்நீர் கனமானது என்பதால் அடியால் உள்ளே வரும்; மழைநீர் மேலால் வெளியேறும். உள்ளே உணவும் உண்டு, பெரிய மீன்களின் தொல்லையும் குறைவு. மூன்று நான்கு மாதம் வளர்ந்து, இனம் பெருக்க மறுபடி கடலுக்குத் திரும்பும் வேளையில்தான் வீச்சுவலைக்காரருக்கு அறுவடை. வாய் திறக்காத ஆண்டில் விதையே விழாத வயல்தான் களப்பு.

ஆகவே எப்போது வெட்டுவது என்பது சிறிய கேள்வியல்ல. தாழ்ந்த வயல் மூழ்கும் விவசாயி சீக்கிரம் வெட்டச் சொல்வார்; அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நீர் போதிய உயரம் வராமல் வெட்டினால் ஓட்டம் மெலிந்து வாய் விரைவில் தூர்ந்துவிடும். உள்ளிருந்த நீரும் வீணாகும். பிந்தினால் ஊருக்குள் வெள்ளம். இதற்கு ஒரு நிலையான நாட்காட்டித் திகதி பொருந்தாது என்பது என் எண்ணம். நீர்மட்டம், மேலேயுள்ள குளங்களின் நிலை, கடலின் வற்று, இவை மூன்றையும் பார்த்து, விவசாயியும் மீனவரும் ஒன்றாயிருந்து எடுக்க வேண்டிய முடிவு அது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளே அளந்து பார்க்கக்கூடிய ஒன்றும் உண்டு. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அருகேயுள்ள களப்பில் ஒரு லீற்றர் நீர் எடுத்து வரலாம். சேறு அடங்கியதும் தெளிந்த நீரைத் துணியால் வடித்து, முற்றாக வற்றக் காய்ச்சி, மிஞ்சும் உப்பை நிறுக்க வேண்டும். கடல்நீரில் அது ஏறத்தாழ 35 கிராம். அதே இடத்து நீரை ஆவணியிலும் மார்கழியிலும் மறுபடி காய்ச்சி மூன்று எடைகளையும் குறித்து வையுங்கள். 35ஐத் தாண்டினால் வாய் மூடி வெயில் தின்றிருக்கிறது. சில கிராமுக்கு இறங்கினால் ஆறு நிரப்பியிருக்கிறது. மழை குறைந்த நாட்களிலும் 35ஐ ஒட்டியே நின்றால் வாய் இன்னும் திறந்திருக்கக்கூடும். வட்டுவாகலுக்குப் போய் அதை நேரில் பார்த்துவிடலாம்.