வீட்டில் ஆக்கும் இறுவட்டு: பழுதும் பரிகாரமும்

கந்தப்பளைத் தோட்டங்களில் மாசித் திங்களில் நிகழும் காமன் கூத்தையும், எம் கல்லூரியின் பரிசளிப்பு விழாக்களையும் அன்பர் பலர் முன்னாளில் வீடியோ நாடாக்களிற் பதிந்து வைத்தனர். மலைநாட்டின் ஈரம் அந்நாடாக்களிற் பூஞ்சணத்தை விளைவிக்கின்றது. அவற்றை ஓட்டும் கருவிகளும் அருகிவிட்டன; இறுதிவரை அவற்றைச் செய்துவந்ததாக அறியப்பட்ட யப்பானியப் புனாய் நிறுவனமும் 2016ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்தியது. ஆகலின் நாடாக்களை டி.வி.டி. இறுவட்டாக மாற்றப் பலர் முயல்கின்றனர். கணினியில் ஓடும் வட்டு வீட்டுக் கருவியில் ஓடாமையே அவர்கள் பெரிதும் காணும் குறை.

இப்பணி மூன்று படிகளையுடையது. படத்தையும் ஒலியையும் உரிய வடிவுக்குச் சுருக்குதல் குறியாக்கம். அவற்றை அத்தியாயங்களும் பட்டியலும் உடையனவாக ஒழுங்குசெய்தல் தொகுப்பாக்கம். பின்னர் வட்டில் எழுதுதல். பழுது எப்படியில் நேர்ந்தது என அறிதலே பரிகாரத்திற் பாதியாகும்.

முதலாவது, குறியாக்கம். டி.வி.டி. கருவி எம்பெக்-2 முறையையே எதிர்பார்க்கும். இலங்கையிற் பயிலும் பால் முறையில் படத்தின் அளவு 720க்கு 576 புள்ளிகள்; செக்கனுக்கு 25 சட்டகங்கள். கனடாவிலுள்ள உறவினர்க்கு அனுப்புவதாயின், அங்குள்ள கருவிகள் பல இம்முறையை ஏலா. 720க்கு 480 புள்ளிகளும் 29.97 சட்டகங்களும் கொண்ட என்.ரி.எஸ்.சி. முறையில் வேறொரு வட்டு ஆக்கல் வேண்டும். கூத்தாடுவோரின் கைகால்கள் முன்னும் பின்னும் துடிப்பனபோலத் தோன்றினால், ஒற்றை, இரட்டை வரிகளின் வரிசை மாறியுள்ளதென அறிக. ஒலி வரவரப் பிந்துமாயின், பதிவின்போது சட்டகங்கள் தவறியிருத்தல் கூடும். ஒலி 48 கிலோஹேர்ட்சில் அமைந்துள்ளதா என்பதையும் நோக்குக.

படம் கட்டங்கட்டமாகச் சிதைந்தால், நீண்ட நிகழ்ச்சியைச் சிறிய இடத்தில் அடக்க முயன்றிருப்போம். 4.7 கிகாபைற் வட்டில் இரண்டு மணி நேரம் அடங்க, படமும் ஒலியும் சேர்ந்து செக்கனுக்கு ஏறத்தாழ 5 மெகாபிற் அளவே இடமுண்டு. ஒரு மணி நேரமாயின் 8 மெகாபிற்வரை செல்லலாம். படத்துக்குரிய உச்ச வரம்பு 9.8; அதனைத் தொட முயன்றால் கருவி திக்குமுக்காடும்.

இரண்டாவது, தொகுப்பாக்கம். கணினிக் கோப்பை அப்படியே வட்டிற் பிரதிசெய்தல் டி.வி.டி. ஆகாது. படத்தைத் தாங்கும் கோப்புகளோடு, அவற்றுக்கு வழிகாட்டும் கோப்புகளும் அவற்றின் காப்புப் பிரதிகளும் உரிய கோப்புறையில் அமைதல் வேண்டும். தொகுப்பு மென்பொருளே இவற்றை ஆக்கித் தரும். எழுதுமுன் அக்கோப்புறையைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பின், வெற்று வட்டுகள் வீணாகா.

மூன்றாவது, எழுதுதல். கோப்புறை செவ்வனே ஓடியும் வட்டு இடையில் நின்றால், குறை வட்டிலோ எழுதிய வேகத்திலோ உள்ளது. வேகத்தைக் குறைத்து, வேறு தர வட்டில் எழுதுக. எழுதியபின் வட்டை முடித்துவைக்க மறவாதீர்.

எழுதும் வட்டின் சாயப்படை வெயிலாலும் ஈரத்தாலும் கெடும். ஆகலின் வட்டு ஒன்றையே நம்பாது, நாடாவிலிருந்து முதலிற் பெற்ற பதிவை வன்றட்டு இரண்டிலேனும் சேமித்தல் அறிவுடைமை. நாடாவையும் எறிந்துவிடலாகாது. மறைந்த ஆசிரியர் ஒருவரின் குரலும், கூத்தாடிய முதியோரின் அடவும் அதிலன்றி வேறெங்கும் இல்லாதிருக்கலாம். வட்டு பழுதானால் மீண்டும் எழுதலாம். மூலம் அழிந்தால் எழுதுதற்கு யாதுமில்லை.