மூக்குத்தியும் நானும் ஒரு மூக்கு மாஸ்க்கும்

சென்ற வருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பொங்குகிற வரைக்கும் ஒரு நிமிஷம் உட்காரலாமே என்று சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். "அம்மா! அம்மா!" என்று என் மகள் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் கண் விழித்தேன். பால் பொங்கி வழிந்து, அடுப்பை அணைத்துவிட்டு, காஸ் மட்டும் 'உஸ்'ஸென்று வந்துகொண்டிருந்தது. அவளே அடுப்பைத் திருகி மூடி, ஜன்னல் கதவையெல்லாம் திறந்துவிட்டாள். அவள் இன்னும் பத்து நிமிஷம் கழித்து எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் நாள் இரவு நான் எட்டு மணி நேரம் தூங்கியிருந்தேன். அதைவிட வேடிக்கை, இந்தத் தூக்கக் கலக்கத்துக்கு வைத்தியம் செய்கிற மிஷின் ஒன்று, பழைய துண்டு ஒன்றில் சுற்றி, எங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது!

ஏன் பீரோவுக்குப் போயிற்று, எப்படி வெளியே வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதே மிஷினை வாங்கி மூலையில் வைத்திருக்கிற வீடுகள் நம் சைதாப்பேட்டையிலும் இருக்கும், உங்கள் ஊரிலும் இருக்கும்.

பெண்பிள்ளை குறட்டை விடலாமா?

பல வருஷமாக எனக்குக் குறட்டை உண்டு. ஆண்கள் குறட்டை விட்டால் "அசதி, பாவம்" என்பார்கள். நாம் விட்டால் சிரிப்பு. "ராத்திரி பூரா நம்ம வீட்டு வழியா ரயில் போகுதும்மா" என்பார் என் கணவர். இந்த வெட்கத்தினாலேயே கல்யாண வீடுகளில் மற்றப் பெண்களோடு ஹாலில் படுக்காமல், உட்கார்ந்தே விடிய வைத்திருக்கிறேன்.

காலையில் எழுந்தால் தலை கனக்கும். வாய் உலர்ந்திருக்கும். பத்து மணிக்கு மறுபடி கண் சொக்கும். எதற்கெடுத்தாலும் எரிச்சல். "வீட்டு வேலைதான் காரணம், நாற்பதைத் தாண்டினாலே அப்படித்தான்" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர்தான் கேட்டார்: "தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் யாராவது பார்த்திருக்கிறார்களா?" கூட வந்திருந்த மகள் சட்டென்று, "ஆமாம் டாக்டர், எனக்கே பயமா இருக்கும்" என்றாள். அதுவரை அவள் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை.

அப்புறம் ஒரு ராத்திரி, தலையிலும் மார்பிலும் விரலிலும் ஒயர்களை ஒட்டி, ஆஸ்பத்திரியில் தூங்க வைத்துப் பார்த்தார்கள். வியாதியின் பெயர் ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து, மூச்சு போகிற வழியை அடைத்துவிடுகின்றன. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பயந்துபோய் நம்மை உலுக்கி எழுப்புகிறது. நமக்கு அது நினைவில் இருப்பதில்லை. பத்து விநாடியாவது மூச்சு நின்றாலோ, மிகவும் குறைந்தாலோ அதை ஒரு தடவை என்று கணக்கு வைக்கிறார்கள். மணிக்கு 5 தடவைக்குள் இருந்தால் பயமில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் போனால் கடுமை. எனக்கு 32!

"குறட்டையிலே என்ன ஆபத்து?" என்றார் என் கணவர். ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு, பக்கவாதம் எல்லாவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு என்று டாக்டர் விளக்கினார். 'பாடும் வானம்பாடி' படத்துக்கு இசையமைத்த பப்பி லஹரி 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமானபோது, இந்தக் கோளாறும் காரணம் என்று அவருடைய மருத்துவர்கள் சொன்னதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்.

பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு இது அதிகமாகிறது. தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கும் வரலாம. கர்ப்பிணிப் பெண்கள் புதிதாகப் பலத்த குறட்டை விட்டு, ரத்த அழுத்தமும் ஏறினால் டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். நமக்குக் குறட்டையைவிட அசதி, தலைவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு என்றுதான் பல சமயம் வெளியே தெரிகிறது. அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

முதல் மாஸ்க் செய்த கோளாறு

இதற்கு வைத்தியம் 'சிபாப்' என்கிற சின்ன மிஷின். இதில் வருவது ஆக்ஸிஜன் இல்லை. அறையில் இருக்கிற சாதாரணக் காற்றுதான். அதைக் கொஞ்சம் அழுத்தத்தோடு, குழாய் வழியாக, மூக்கின் மேல் மாட்டிய மாஸ்க்குக்குள் அனுப்புகிறது. அந்தக் காற்றே தொண்டையை அடைபடாமல் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் இந்த முறையை உலகுக்குச் சொன்னார். அந்த நாளில் ஒவ்வொரு நோயாளியின் மூக்குக்கும் அச்செடுத்து மாஸ்க் செய்து, தினம் ராத்திரி பசை போட்டு முகத்தில் ஒட்டுவார்களாம். நம் பாடு எவ்வளவோ தேவலை!

ஆனால் முதல் மாஸ்க்கை வாங்கும்போது நான் ஒரு தப்புச் செய்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் வாங்குகிற புத்தி. "பெரிசாவே குடுங்க, தாராளமா இருக்கட்டும்" என்றேன். கொண்டுவந்த பையனும் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, மிஷினைப் போடாமலே மாஸ்க்கை மாட்டிப் பார்த்து, "கரெக்டா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்றிரவு படுத்ததும் ஆரம்பித்தது கூத்து. ஓரங்களிலிருந்து காற்று கண்ணுக்குள் அடித்தது. வாரை இழுத்துக் கட்டினேன். இன்னும் அதிகமாகக் கசிந்தது. இன்னும் இறுக்கினேன். நாலாம் நாள் மூக்குத் தண்டில் கன்றிச் சிவந்து புண்ணாகிவிட்டது. "என்னடி இது, மூஞ்சியைக் கெடுத்துக்கிறே!" என்று மாமியார் அங்கலாய்த்தார். இரண்டு வாரத்தில் "போதுமடா சாமி" என்று மிஷினைச் சுற்றி பீரோவில் வைத்தேன். அதன் பலன்தான் மேலே சொன்ன பால் சமாசாரம்.

படுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மிஷினைக் கவனிக்கிற பெண் என் மூக்குப் புண்ணின் தழும்பைப் பார்த்ததுமே, "இது மிஷின் கோளாறு இல்லைக்கா, மாஸ்க் கோளாறு. படுங்க" என்று கட்டிலைக் காட்டினாள். அன்று அவளிடம் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலில் சைஸ். மூக்கு மாஸ்க்கின் சிலிகான் குஷன் மூக்குத் தண்டில் ஆரம்பித்து, இரண்டு பக்கமும் நாசியை ஒட்டி இறங்கி, மூக்குக்குக் கீழே மேலுதட்டுக்கு மேல் வந்து உட்கார வேண்டும். நாசியைக் கிள்ளவும் கூடாது, கண் ஓரத்துக்கோ உதட்டின் மேலோ போகவும் கூடாது. கிள்ளாத சைஸ்களில் சின்னது எதுவோ அதுதான் சரி. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனிக்கு ஸ்மாலாக இருக்கலாம். அதனால் அளவுக் காகிதத்தை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டே எடுக்க வேண்டும். சில பெட்டிகளில் மூன்று சைஸ் குஷனும் சேர்ந்தே வருகிறது. கிடைத்தால் அதை வாங்குங்கள். ஒரு தடவை முகத்தில் பட்டதைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். விலையோ ஆயிரக்கணக்கில்!

இரண்டாவது, மிஷினை ஓட விட்டு, நீங்கள் தூங்குகிற மாதிரியே படுத்து, காற்று முழு வேகத்துக்கு வந்த பிறகுதான் வாரைச் சரி செய்ய வேண்டும். உட்கார்ந்தால் ஒரு முகம், படுத்தால் ஒரு முகம். கன்னமும் சதையும் இடம் மாறுகின்றன. காற்று கசிந்தால் உடனே வாரை இழுக்காதீர்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி, குஷன் காற்றில் உப்பட்டும் என்று விட்டு, மறுபடி மெதுவாக வையுங்கள். பெரும்பாலும் அதிலேயே கசிவு நின்றுவிடும். வாருக்கடியில் ஒரு விரல் போக இடம் வேண்டும். இறுக்கினால் குஷன் மடங்கி, கசிவு கூடத்தான் செய்யும். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம் திரும்பிப் பாருங்கள். புரண்டு படுக்கிறவர்களுக்குக் குழாய் உச்சந்தலையில் மாட்டுகிற மாதிரி சில மாஸ்க்குகள் உண்டு.

மாஸ்க்கின் முன்பக்கம் சிறு துவாரங்கள் இருக்கும். அதிலிருந்து 'ஸ்ஸ்' என்று காற்று வருவது கசிவு அல்ல. நாம் விடுகிற மூச்சு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. சத்தமாக இருக்கிறதே என்று அதில் பிளாஸ்திரி ஒட்டிவிடாதீர்கள்!

மூக்குத்தியும் தலைப்பின்னலும்

ஆங்கிலப் புத்தகங்களில் இல்லாத சங்கடம் நமக்கு ஒன்று உண்டு. மூக்குத்தி! மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற, இரண்டு சின்னக் குமிழ் வைத்த மாஸ்க்கை முதலில் தந்தாள் அந்தப் பெண். இலேசாக, அழகாக இருந்தது. ஆனால் மூக்குத்தியின் திருகு உள்ளே இருக்கிறதே! குமிழ் அதில் இடித்து உயிர் போயிற்று. முக்கோண வடிவ மூக்கு மாஸ்க்கோ ஒற்றைக்கல் மூக்குத்தியைத் தொடாமல் அதைச் சுற்றி உட்கார்ந்தது. அதையே எடுத்துக்கொண்டேன், ஸ்மால் சைஸ். வளையமோ, பெரிய பேசரியோ போடுகிறவர்கள் படுக்கும்போது கழற்றி வைப்பதுதான் நல்லது. கல் குஷனைக் கிழித்துவிடும். "மூக்கு மூளியா இருக்கக் கூடாது" என்பார்கள் வீட்டில் பெரியவர்கள். மூச்சு இருந்தால்தானே மூக்குத்தி என்று சொல்லுங்கள்.

தலைமுடிக்கும் ஒரு வார்த்தை. கொண்டையின் மேல் வார் வந்தால் இரவெல்லாம் வழுக்கும். தளர்வாகப் பின்னி, பின்னலைத் தோள் பக்கம் விட்டுவிடுங்கள். முகத்திலோ நெற்றியிலோ தேங்காயெண்ணெய், கிரீம் இருந்தால் குஷன் வழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். படுக்கும் முன் முகத்தை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது?

மூக்கால் மூச்சு விட முடிகிறவர்களுக்கு மூக்கு மாஸ்க்தான் முதலில். 2019-ல் வந்த அமெரிக்கத் தூக்க மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் அதையே சொல்லுகிறது. எப்போதும் மூக்கடைப்பா? மாஸ்க் வாங்குமுன் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். தண்டு வளைந்திருந்தாலோ, அலர்ஜி இருந்தாலோ முதலில் அதற்கு வழி தேட வேண்டும். தூக்கத்தில் வாய் திறந்துகொண்டு காற்று வெளியே போனால், தாடையைத் தாங்குகிற பட்டி உதவலாம். அதிலும் சரிப்படாவிட்டால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க். அடர்த்தியான மீசை உள்ள ஆண்களுக்குச் சாதாரண குஷன் ஒட்டுவதில்லை. என் மைத்துனருக்கு நான் வேண்டாமென்று வைத்த குமிழ் வகைதான் ஒத்துக்கொண்டது.

முக்கியமாக ஒன்று. சில மாஸ்க்குகளில் வாரை மாட்டக் காந்தக் கொக்கி உண்டு. பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்பில் வைத்தவர்களுக்கு அது ஆபத்து என்று 2022, 2023-ம் வருஷங்களில் தயாரிப்பாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். பக்கத்தில் படுப்பவருக்கு அந்தக் கருவி இருந்தாலும் கவனம் வேண்டும். காந்தமில்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

தினப்படி பராமரிப்பு

காலையில் பல் தேய்க்கும்போதே குஷனையும் வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பால் கழுவி, நிழலில் உலர்த்துகிறேன். டெட்டால், ஸ்பிரிட் கூடாது. வெயிலில் போடவும் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை வாரும் குழாயும் குளிக்கும். மிஷினில் ஈரப்பதத் தொட்டி இருந்தால் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். நம் போர் தண்ணீரை ஊற்றினால் ஒரே மாதத்தில் உப்புப் பூத்துவிடும். ஏ.ஸி. அறையில் குழாய்க்குள் தண்ணீர் துளிர்த்தால் ஈரப்பதத்தைக் குறைத்து வையுங்கள். கரண்ட் போனால் மிஷின் நின்றுவிடும். மாஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். நாங்கள் இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டோம். குஷன் மஞ்சளாகி, விறைத்துப் போனால் மாற்றுங்கள்.

பழக்கப்படுத்திக்கொள்ள ஒரு யோசனை. முதல் வாரம் நான் பகலில், கீரை ஆயும்போதும் டி.வி. பார்க்கும்போதும் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டேன். என் மகள் சிரித்துக்கொண்டே, "அம்மா, இந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு பஜார் ரோடுல பொம்மை வாங்க வேண்டாம்" என்றாள். சிரிக்கட்டும்! மூன்றாவது வாரத்திலிருந்து இரவு முழுவதும் போடுகிறேன். மத்தியானம் கண்ணயர்ந்தாலும் போடுகிறேன். காலைத் தலைவலி போயிற்று. கணவருக்கும் ரயில் நின்றது. மாத்திரையை மட்டும் நானாக நிறுத்தவில்லை. அது டாக்டர் சொல்ல வேண்டியது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு மிஷின் பீரோவில் இருந்தால், "எனக்கு ஒத்துக்கவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். ஒத்துக்கொள்ளாதது மாஸ்க்காக இருக்கலாம். அதை எடுத்துக்கொண்டு போய், "படுத்துப் பார்க்கணும், காற்றைப் போடுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள். புடவைக்கு ரவிக்கை அளவு கொடுக்க நாம் எவ்வளவு நேரம் நிற்கிறோம்! மூச்சுக்கு அரை மணி நேரம் படுத்தால் குறைந்தா போய்விடுவோம்?