வலமிருந்து இடத்திற்கு: குருதி செல்லும் வழி

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் உடற்கூற்றியல் கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மாணவர்க்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் தமிழில் அச்சிட்டு வழங்கினார். ஆகவே இத்துறை தமிழுக்குப் புதியதன்று.

நம் உடலில் உண்டதைச் செரிப்பது ஒரு மண்டலம். மூச்சை வாங்கி விடுவது ஒரு மண்டலம். கழிவை அகற்றுவது மற்றொன்று. இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று இணைப்பது குருதி. அக்குருதி இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்திற்கு எவ்வழியே செல்கிறது என்னும் ஒரு வினாவை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்குச் சரியான விடை கிடைக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதயத்தின் அமைப்பு

இதயம் அவரவர் கைமுட்டி அளவினது. ஏறத்தாழ 300 கிராம் எடையுடையது. அதில் மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு. வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் ஒரு தசைச்சுவர் பிரிக்கிறது. உடலெங்கும் சுற்றி உயிர்வளி குறைந்த குருதி, பெருஞ்சிரைகளின் வழியே வல மேலறையை அடைந்து, வல கீழறைக்கு இறங்குகிறது. அங்கிருந்து நுரையீரல் தமனி அதனை நுரையீரல்களுக்குக் கொண்டு செல்கிறது. உயிர்வளி பெற்ற குருதி நுரையீரல் சிரைகளின் வழியே இட மேலறைக்குத் திரும்பி, இட கீழறையை அடைந்து, பெருந்தமனி வழியாக உடலெங்கும் பாய்கிறது. குருதி பின்னோக்கிச் செல்லாதவாறு வால்வுகள் காக்கின்றன. மருத்துவர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்கும் 'லப் டப்' ஒலி, அவ்வால்வுகள் மூடும்போது எழுவதேயாகும்.

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்திற்குச் சுமார் 72 முறை துடிக்கிறது. ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் குருதி வெளியேறுகிறது. ஆகவே நிமிடத்திற்கு 5 லிட்டர். நாளொன்றுக்கு 7,000 லிட்டருக்கும் மேல்! வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள குருதியோ மொத்தம் 5 லிட்டர் அளவே. அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் குருதியைச் செலுத்தும் வல கீழறையின் சுவர் மெலிந்தும், உச்சி முதல் உள்ளங்கால் வரை செலுத்தும் இட கீழறையின் சுவர் தடித்தும் அமைந்திருப்பது எண்ணி வியத்தற்குரியது.

கேலன் கொண்ட கருத்து

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், கீழறைகளைப் பிரிக்கும் சுவரில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உள்ளன என்றும், அவற்றின் வழியே குருதி வலமிருந்து இடத்திற்குக் கசிந்து செல்கிறது என்றும் எழுதினார். அவருடைய பெருமை காரணமாக அக்கருத்து ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகக் கொள்ளப்பட்டது. மருத்துவ உலகின் பேரறிஞரான இப்னு சீனாவும் அவரைத் தழுவியே எழுதினார்.

இப்னு நஃபீஸின் மறுப்பு

டமாஸ்கஸில் மருத்துவம் பயின்று கெய்ரோவில் புகழுடன் வாழ்ந்தவர் இப்னு நஃபீஸ். மருத்துவராக மட்டுமன்றி, ஷாஃபி மத்ஹபின் சட்டக்கலையைக் கற்பித்தவராகவும் விளங்கினார். இப்னு சீனாவின் 'கானூன்' நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு அவர் 1242ஆம் ஆண்டில் ஓர் உரை எழுதினார். உரையாசிரியர் மூலநூலாசிரியரை மறுப்பது எளிதன்று. அவரோ, அச்சுவர் திண்மையானது. அதில் புலப்படும் துளையும் இல்லை, புலப்படாத் துளையும் இல்லை என்று உறுதியாக எழுதினார். அவ்வாறாயின் குருதி செல்லும் வழி யாது? வல கீழறையிலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்குக் காற்றுடன் கலந்து, பின்னரே இடப்பக்கத்தை அடையவேண்டும் என்பது அவர் கண்ட விடை. நுரையீரலில் இருவகைக் குழாய்களுக்கும் இடையே வழிகள் உள்ளன என்றும் அவர் உய்த்துணர்ந்தார். உடலை அறுத்துப் பார்ப்பதைத் தாம் தவிர்த்ததாக அவரே குறிப்பிடுவதை எண்ணும்போது, அவருடைய ஆராயும் திறன் மேலும் விளங்கும்.

அவர் கூறிய அனைத்தும் சரியென்று நாம் வாதிடவில்லை. குருதி உடல் முழுவதும் சுற்றி மீள்வதை அவர் விளக்கவில்லை. 1288இல் மறைந்தபோது, தம் இல்லத்தையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கே அவர் விட்டுச்சென்றார்.

பின்வந்தோர்

ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் செர்வெட்டஸும் கொலம்போவும் நுரையீரல் வழியைப் பற்றி எழுதினர். 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, இதயம் அரை மணி நேரத்தில் வெளியேற்றும் குருதியைக் கணக்கிட்டார். அது உடலிலுள்ள குருதியைவிட மிகுதி. ஆகவே அதே குருதிதான் மீண்டும் மீண்டும் சுற்றிவரவேண்டும் என நிறுவினார். 1661இல் இத்தாலியின் மால்பிஜி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியால் நோக்கித் தந்துகிகளைக் கண்டார். இப்னு நஃபீஸ் அறிவால் உணர்ந்த வழிகள் அப்போதுதான் கண்ணுக்குப் புலனாயின. அவருடைய உரையோ நெடுங்காலம் ஏடுகளுக்குள் உறங்கிற்று. பெர்லினில் இருந்த கையெழுத்துப் படியைக் கண்டு, ஜெர்மனியில் பயின்ற எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி 1924இல் தம் ஆய்வேட்டில் அதனை வெளிப்படுத்தினார்.

நாம் அறியவேண்டுவது

கருவிலுள்ள குழந்தையின் நுரையீரல் மூச்சுவிடுவதில்லை. ஆதலால் மேலறைகளுக்கிடையே ஒரு திறப்பு உண்டு. பிறந்து முதல் மூச்சு வாங்கியபின் அது மூடிக்கொள்கிறது. பலருக்கு நாளடைவில் முற்றிலும் ஒட்டிவிடுகிறது. சுவரில் பிறவிக்குறையாகப் பெருந்துளை இருப்பதையே 'இதயத்தில் ஓட்டை' என்கிறோம். கேலன் இயல்பு என்று கருதியது உண்மையில் நோயாகும்.

இப்னு நஃபீஸ் மற்றோர் உண்மையையும் உரைத்தார். இதயம் தன் அறையில் நிரம்பும் குருதியால் ஊட்டம் பெறுவதில்லை. தன் தசையில் பரவியுள்ள குழாய்களாலேயே பெறுகிறது என்றார். அக்குழாய்களில் அடைப்பு நேர்வதே இன்று நாம் அஞ்சும் மாரடைப்பு. நாளெல்லாம் 7,000 லிட்டர் குருதியை இறைக்கும் இதயம், தனக்குரிய பங்கு தடைப்பட்டால் சில மணி நேரத்தில் தன் தசையை இழக்கிறது. நெஞ்சில் இறுக்கம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால், 'வாயுத் தொல்லைதான்' என்று சோடா அருந்திக் காத்திருத்தல் கூடாது. நீரிழிவு உடையோர்க்கு வலியே தோன்றாமலும் இருக்கலாம். உடனே 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனையை அடைவதே கடமை.

முடிவுரை

முன்னோரைப் போற்றுதல் வேறு. அவர் கூறியதை ஆராயாது ஏற்றல் வேறு. இப்னு சீனாவின் நூலுக்கு உரை எழுதி அவரைப் போற்றியவரே, அந்நூலின் பிழையையும் திருத்தினார். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவர்க்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை. நெஞ்சில் கைவைத்து நம் துடிப்பை உணரும்போதெல்லாம், அதனைப் படைத்த இறைவனுக்கு நன்றி செலுத்துவோம். அதனை ஆராயுமாறு அவன் அளித்த அறிவைப் பயன்படுத்துவோம்.