பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்காத நீர்

நெய்வேலியில் 1957-இல் சுரங்கம் வெட்டத் தொடங்கியபோது பொறியாளர்களை மிரட்டியது நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடந்த ஊற்றுநீராகும். மேலே உள்ள மண்ணை அகற்றினால் சுரங்கத்தின் தரையையே பெயர்த்துக்கொண்டு அந்நீர் பீறிடும் என்பதால், சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் இறக்கி இரவு பகலாக இறைத்து அதன் அழுத்தத்தைத் தணித்தபடியே இன்றும் பழுப்பு நிலக்கரி தோண்டப்படுகிறது.

ஒரு திட்டம் தொடங்குமுன் அதனால் நிலம், நீர், காற்று, மக்கள் வாழ்வு ஆகியவற்றுக்கு நேரக்கூடியவற்றைக் கணித்துரைக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு இந்தியாவில் 1994-இல்தான் கட்டாயமாக்கப்பட்டு, 2006-இல் திருத்தி அமைக்கப்பட்டது. இந்த ஆய்வு பெரும்பாலும் திட்ட இடத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் நடக்கிறது. ஆனால் நீர்தாங்கி, அதாவது நீரைத் தேக்கிவைக்கும் மணற்கல் அடுக்கு, அந்த வட்டத்தை மதிப்பதில்லை. ஓரிடத்தில் இறைத்தால் தொலைவிலுள்ள கிணற்றிலும் மட்டம் இறங்கலாம், கடலோரமாயின் உப்புநீர் உட்புகவும் கூடும். அதே வேளையில் சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்படும் நீர் வாலாஜா ஏரி வழியாகச் சேத்தியாத்தோப்புப் பக்கத்து வயல்களுக்குப் பாய்வதால், ஓர் ஊரின் போர்வெல்லில் குறைவது இன்னோர் ஊரின் நெல்லுக்கு வரவாகிறது; இக்கணக்கை ஒற்றைத் திட்டத்தின் அறிக்கையில் நேர் செய்ய இயலாது.

காற்றின் கணக்கோ உலகளவிலானது. பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமாதலால், எரியும் வெப்பத்தில் ஒரு பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகி, ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கூடுதல் கரியமில வாயு வெளியாகிறது. நெய்வேலிச் சுரங்கம் தொடங்கிய மறு ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் அவ்வாயுவை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

2023 மார்ச் இறுதியில் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கிலுள்ள பழுப்பு நிலக்கரித் தொகுதியும் இடம்பெற்றது. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைச் சுட்டித் தமிழக அரசு எதிர்த்ததையடுத்து, ஏப்ரல் 8 அன்று அதை நீக்குவதாக மத்திய அமைச்சர் அறிவித்தார். ஏலம் முடிந்து, எடுத்தவர் அனுமதி கோரும்போதுதான் தாக்க மதிப்பீடு வரும் என்பது நடைமுறை (வரிசை தலைகீழாக இருப்பது கவனிக்கத்தக்கது). ஆகவே அந்நிலத்தின் நீரைப் பற்றிய கேள்வி கேட்கப்படாமலேயே விவகாரம் முடிந்தது.