தாயம் விழுமா?
பித்தளைக் கட்டையா, புளியமுத்தா? கம்பம் பள்ளத்தாக்கின் தீராத வழக்கு

"தாயம்... தாயம்... ஒரு தாயம்!"

கம்பம் பள்ளத்தாக்கில் மழை பிடித்துக்கொண்டால் இந்தக் குரல் கேட்கும். ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏற வேண்டியவர்கள் அன்று வீட்டில் இருப்பார்கள். திராட்சைத் தோட்டத்திலும் வேலை ஓடாது. திண்ணையில் சாக்குக் கட்டியால் கட்டம் போட்டு விடுவார்கள்.

காய்க்குப் பஞ்சமா? உடைந்த வளையல் ஒருவருக்கு. கூழாங்கல் ஒருவருக்கு. விளக்குமாற்றுக் குச்சி ஒருவருக்கு.

ஆனால் ஆட்டம் உடனே தொடங்காது. முதலில் ஒரு வழக்கு தீர வேண்டும். எதை உருட்டுவது?

அப்பத்தா பித்தளைத் தாயக்கட்டையை எடுப்பார். அது அவர் சீரோடு வந்ததாக இருக்கும், அல்லது திருவிழாக் கடையில் வாங்கியதாக இருக்கும். பேரப்பிள்ளைகளுக்கு அது பிடிக்காது.

"முத்துப் போடுவோம் அப்பத்தா!"

"போடா! முத்துல ஆடுறது ஒரு ஆட்டமா?"

இந்த வழக்கு கூடலூரிலும் உண்டு, சின்னமனூரிலும் உண்டு, போடியிலும் உண்டு. வெறும் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். இரு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. அது என்ன நியாயம் என்று கணக்குப் போட்டால் தெரியும்.

பித்தளையின் கணக்கு

தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றும் சுண்டுவிரல்போல் நீளமானது. நான்கு பக்கம் உண்டு. ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. நான்காவது பக்கம் வெறுமை.

ஒரு கட்டை நான்கு விதமாக விழும். அந்த ஒவ்வொரு விதத்துக்கும் மற்றக் கட்டை நான்கு விதமாக விழும். ஆக மொத்தம் 16 விதம். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

ஒன்றும் வெறுமையும் சேர்ந்தால் தாயம். 16-இல் 2 விதத்தில்தான் அது நடக்கும். எட்டுக்கு ஒன்று! இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அது 16-க்கு ஒரு தடவை. ஆறும் அப்படியே. எல்லாவற்றிலும் மலிவாக விழுவது மூன்று. 16-இல் 4 விதம்.

தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. அதுதான் சட்டம். மற்றவர்கள் காய் ஓடும், வெட்டும், மலை ஏறும். தாயம் விழாதவர் உருட்டிக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முத்தின் கணக்கு

மாசி, பங்குனியில் புளி உலுக்கிக் கோது நீக்கும்போது கொட்டை கொட்டையாக மிஞ்சும். இந்தப் பக்கம் அதைப் புளியமுத்து என்பார்கள். நான்கு முத்தை எடுத்து, கருங்கல்லில் ஒரு பக்கம் உரசுவார்கள். கறுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும். (உரசிய சூட்டோடு பக்கத்துப் பையன் கையில் வைத்து அவனை அலற வைப்பது தனி விளையாட்டு. அதற்கு எந்த வீட்டிலும் அனுமதி இல்லை. எந்த வீட்டிலும் அது நிற்பதும் இல்லை!)

நான்கையும் குலுக்கிப் போட வேண்டும். எத்தனை வெள்ளை மேலே தெரிகிறதோ, அத்தனை கட்டம். ஒரே ஒரு வெள்ளை என்றால் தாயம். நான்கும் கறுப்பு என்றால் பல வீடுகளில் எட்டு.

இங்கும் 16 விதம்தான். ஆனால் நான்கு முத்தில் எது வேண்டுமானாலும் அந்த ஒற்றை வெள்ளையாக இருக்கலாம். ஆகவே தாயம் 4 விதத்தில் விழும். நாலுக்கு ஒன்று. பித்தளையைப்போல் இரண்டு மடங்கு!

ஆளுக்கு எட்டு முறை உருட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பித்தளையில் ஆடினால், மூன்று பேரில் ஒருவருக்கு இன்னும் தாயம் விழுந்திருக்காது. முத்தில் ஆடினால், பத்துப் பேரில் ஒருவர்தான் அப்படி வெளியே இருப்பார். பேரன் ஏன் முத்துக் கேட்கிறான் என்று இப்போது புரிகிறதா? அவனுக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்த வருத்தம் தெரியும்.

அப்பத்தா கட்சி

சரி, அப்பத்தா மட்டும் ஏன் பித்தளையை விடமாட்டேன் என்கிறார்?

முதல் காரணம், பன்னிரண்டு. தோற்கும் நிலையில் இருப்பவர் ஒரே உருட்டில் எழுந்துவிடலாம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பல வீட்டு வழக்கம். ஆறு, பன்னிரண்டு, ஐந்து என்று அடுக்கடுக்காக விழுந்தால் கிழவிக்கும் குமரிக் குரல் வந்துவிடும்!

இரண்டாவது காரணம் நுட்பமானது. பித்தளையில் மூன்றுதான் மலிவு என்று முன்பே சொன்னோம். ஆகவே பகைக்காயிலிருந்து மூன்று கட்டம் முன்னால் நின்றால் வெட்டுப்படும் பயம் அதிகம். முத்தில் மலிவு இரண்டு. அது 16-இல் 6 விதம். அங்கே இரண்டு கட்டம் முன்னால் நிற்பதுதான் ஆபத்து. அறுபது வருஷம் பித்தளையில் ஆடியவருக்கு எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பது காலுக்கே தெரியும். முத்தை எடுத்தால் அந்த அனுபவம் பாதி வீண். "இது ஒரு ஆட்டமா?" என்று அவர் கேட்பதில் கோபம் மட்டும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. முத்தின் உரசிய பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. அது சரிபாதியாக விழும் என்று யார் கையடித்துச் சொல்வது? கொஞ்சம் அதிகமாக உரசினால் விழும் தினுசு மாறிவிடும். மேலே போட்ட கணக்கும் சரிபாதி என்று வைத்துப் போட்டதுதான். உரசியவன் யார் என்று அப்பத்தா கேட்பது இதனால்தான்.

அதற்குப் பேரனிடமும் பதில் இருக்கிறது. பித்தளைக் கட்டையை உள்ளங்கையில் தேய்த்து, பக்குவமாக நழுவவிட்டால் கேட்டது விழும் என்று ஊரில் பேச்சு. அப்பத்தாவின் கையை அவன் கண் கொட்டாமல் பார்க்கிறான்.

பழைய வழக்கு

இந்த ஆசை நேற்று வந்ததல்ல. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, மதுரை தாண்டிக் கீழடிப் பக்கம் போகிறது. அங்கே 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் பகடைக்காய்கள் கிடைத்திருக்கின்றன. தேய்த்து வட்டமாக்கிய ஓட்டுச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. அதே ஆற்றங்கரையில் பழங்காலத்திலும் யாரோ எதையோ உருட்டினார்கள்.

ரிக் வேதத்தில் ஒரு சூதாடியின் புலம்பல் இருக்கிறது. அவனைக் கெடுத்தது தான்றிக்காய். திரிபலா சூரணத்தில் சேருகிறதே, அதே காய்தான். மகாபாரதத்தில் தருமர் நாட்டையும் வைத்து இழந்த கதையைச் சொல்ல வேண்டியதில்லை. "வீட்டுக்குள் தாயம் உருட்டினால் குடும்பம் விளங்காது" என்ற பேச்சுக்கு வேர் அங்கேதான். பணம் வைத்து ஆடும் இடத்தில் அது சரியான பேச்சே. ஆனால் வைகுண்ட ஏகாதசி இரவில் மட்டும், கண் விழிக்க வேண்டும் என்று அதே பெரியவர்களே தாயமும் பரமபதமும் எடுத்து வைப்பார்கள்!

கடல் கடந்து

நம் சோழி ஆட்டமான பச்சீசியைப் பார்த்து, இங்கிலாந்தில் 1896-இல் லூடோவுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். சோழியை எடுத்துவிட்டு ஆறு முகப் பகடை ஒன்றைப் போட்டார்கள். காய் இறங்க ஆறு விழ வேண்டும். அது ஆறுக்கு ஒன்று. ஆக லூடோ, பித்தளைக்கும் முத்துக்கும் நடுவில் நிற்கிறது.

அமெரிக்காவில் 1974-இல் வேறொரு ஆட்டம் வந்தது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் செய்தது. மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று வேடம் ஏற்றுப் பேசுவார்கள். வாள் வெட்டு பட்டதா, தவறியதா? அதைப் பகடை சொல்லும். அந்தப் பகடைக்கு இருபது முகம்! இருபதில் எது விழவும் சம வாய்ப்பு.

"இது பிடிக்கவில்லை, தேர்ந்த வீரன் இத்தனை தடவையா தவறுவான்?" என்று சொல்கிறவர்கள் உண்டு. 1986-இல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட 'கர்ப்ஸ்' ஆட்டத்தில் மூன்று ஆறு முகப் பகடைகளைச் சேர்த்துப் போட்டுக் கூட்டுகிறார்கள். பத்தும் பதினொன்றும் அடிக்கடி வரும். மூன்று வருவது 216-க்கு ஒரு தடவை. 1991-இல் வந்த 'வாம்பயர்' ஆட்டமோ பத்து முகப் பகடைகளைக் கை நிறைய அள்ளிப் போட்டு, எத்தனை தேறின என்று எண்ணச் சொன்னது. எத்தனை வெள்ளை என்று நம் பிள்ளைகள் எண்ணுவது போலவே!

எது நல்லது என்று அங்கே படித்தவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எதிர்பாராதது வேண்டும் என்கிறது ஒரு கட்சி. கைத்தேர்ச்சிக்கு மதிப்பு வேண்டும் என்கிறது இன்னொரு கட்சி. கம்பத்துத் திண்ணையில் நடக்கும் வழக்கேதான். பேச்சு மட்டும் இங்கிலீஷ்.

2020 ஊரடங்கில் தாயக் கட்டம் பல வீட்டுத் தரைக்குத் திரும்பியது. கைபேசியிலும் பகடை உருண்டது. ஆனால் கைபேசிப் பகடையின்மேல் சந்தேகம் வந்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அதற்குக் கையும் இல்லை, உரசிய பக்கமும் இல்லை.

திண்ணையில் மழை இன்னும் விடவில்லை. இன்று அப்பத்தா கட்சி ஜெயித்துவிட்டது. பித்தளைதான் உருளுகிறது. கடைக்குட்டிக்கு மட்டும் ஒன்பது முறையாகத் தாயம் இல்லை. உதடு பிதுங்குகிறது. அப்பத்தா மடியிலிருந்து நான்கு புளியமுத்தை எடுக்கிறார்.

"இந்தாடா, நீ மட்டும் இதைப் போட்டு இறங்கு. அப்புறம் கட்டை."

பையன் முத்தைப் பார்க்கிறான். அக்காள் முகத்தைப் பார்க்கிறான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

"வேணாம் அப்பத்தா. கட்டையைக் குடு."

உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கிறான், அப்பத்தா தேய்ப்பது போலவே.